பாட்டுக்குப் பணம் கொடுத்த பெண்மணி

சிகாகோ நகரில் குளிர்காலம் பொல்லாதது. ஏரியின் மேலிருந்து வீசும் காற்று எலும்பைத் துளைக்கும். வீட்டுக்கு வீடு கணப்பு அடுப்பு எரிந்தாக வேண்டும்.

அப்படிப்பட்ட ஒரு குளிர்காலத்தில் ஒரு பெண்மணி தன் அறை அடுப்பில் கட்டுக் கட்டாகக் காகிதத்தைப் போட்டு எரித்துக்கொண்டிருந்தார். அது பழைய செய்தித்தாள் அல்ல, பழைய கணக்குப் புத்தகமும் அல்ல. அவ்வளவும் அவர் எழுதிய கவிதை!

அந்தக் கவிதையை ஒரு லட்சம் பேர் கூடிய விழாவில் அரங்கேற்றினார்கள். ஊரே கொண்டாடியது. அந்த நம்பிக்கையில் 5,000 பிரதிகள் அச்சடித்து விற்பனைக்கு வைத்தார். விற்றது மிகவும் சொற்பம். மீதியெல்லாம் வீட்டில் குவிந்து கிடந்தது. என்ன செய்வார், பாவம்! குளிருக்காவது உதவட்டும் என்று அடுப்பில் போட்டார்.

அவர் பெயர் ஹாரியட் மன்றோ.

கவிதையை எரித்துக் குளிர் காய்ந்த இந்தப் பெண்மணிதான், பிற்காலத்தில் கவிதைக்கென்றே தனியாக ஒரு பத்திரிகை தொடங்கினார். பாட்டு எழுதுகிறவனுக்குப் பணம் கொடுத்தாக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். நம் தாகூரின் பாடல்களை அமெரிக்காவில் முதன் முதலில் அச்சேற்றிய பத்திரிகை அதுதான். தாகூருக்கு நோபல் பரிசு கிடைப்பதற்கு 11 மாதம் முன்பே அச்சேற்றியது!

(மன்றோ என்றதும் சென்னையில் குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் கவர்னர் மன்றோவின் நினைவு வரலாம். அவர் வேறு, இந்த அம்மையார் வேறு. உறவு ஒன்றும் கிடையாது.)

வக்கீல் மகள்

ஹாரியட் 1860-ம் ஆண்டு டிசம்பர் 23-ந் தேதி சிகாகோவில் பிறந்தார். தந்தை ஹென்றி மன்றோ ஒரு வக்கீல். வீட்டில் நிறையப் புத்தகங்கள் இருந்தன. ஹாரியட் கூச்சம் மிகுந்த பெண். கூடி விளையாடத் தோழிகள் அதிகம் இல்லை. ஷேக்ஸ்பியர், ஷெல்லி, டிக்கன்ஸ் ஆகியோரின் புத்தகங்களே துணை.

1871 அக்டோபரில் சிகாகோவில் பெருந்தீ பிடித்தது. அப்போது ஹாரியட்டுக்கு 11 வயது நிரம்பவில்லை. அந்தக் காலத்தில் அங்கே வீடு, நடைபாதை எல்லாம் மரம்தான். மூன்று நாள் எரிந்தது. சுமார் 300 பேர் மாண்டார்கள். லட்சம் பேர் வீடு இழந்தார்கள். தீயில் அடிபட்ட தொழில்களில் ஹாரியட்டின் தந்தை தொழிலும் ஒன்று. அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் பழைய செழிப்பு திரும்பவில்லை.

ஆனாலும் மகளைப் படிக்க வைத்தார்கள். வாஷிங்டனில் கன்னிமார் நடத்திய பள்ளியில் படித்து 1879-ல் படிப்பை முடித்தார். அப்போதே மனதில் ஓர் எண்ணம் விழுந்துவிட்டது. பெரிய கவிஞர் ஆக வேண்டும். பெயர் நிலைக்க வேண்டும். கல்யாணம், குடும்பம் என்ற பேச்சே பிறகு அவர் வாழ்வில் இல்லை. கடைசிவரை தனியாகவே வாழ்ந்தார்.

ஊர் திரும்பிக் கவிதை எழுதினார். நாடகம் எழுதினார். பத்திரிகைகளுக்கு அனுப்பினார். எப்போதோ ஒன்று வெளிவரும். பக்கத்தின் அடியில் நாலு விரல் இடம் காலியாக இருந்தால் அதை நிரப்பத்தான் கவிதை என்று அன்றைய பத்திரிகைகள் நினைத்தன. கதைக்கு மதிப்பு உண்டு, கட்டுரைக்கு மதிப்பு உண்டு. கவிதை இலவச இணைப்பு மாதிரி!

லட்சம் பேர் முன்னிலையில்

கொலம்பஸ் அமெரிக்காவை அடைந்து 400 ஆண்டு ஆனதைக் கொண்டாட சிகாகோவில் மாபெரும் உலகக் கண்காட்சி ஏற்பாடு ஆயிற்று. அதற்குக் கட்டிடக் கலைஞர்கள் வந்தார்கள், சிற்பிகள் வந்தார்கள், ஓவியர்கள் வந்தார்கள், சங்கீதக்காரர்கள் வந்தார்கள். எல்லோருக்கும் கூலி. கவிஞரை மட்டும் யாரும் கூப்பிடவில்லை.

கூச்சப் பெண் என்று சொன்னோமே, அந்த ஹாரியட் நேரே விழாக் கமிட்டியிடம் போனார். இவ்வளவு பெரிய விழாவுக்குக் கவிதை வேண்டாமா என்று கேட்டார். எழுதும் பொறுப்பை வாங்கினார். அதோடு விடவில்லை. சிற்பிக்குக் கொடுப்பதுபோல எனக்கும் சம்பளம் வேண்டும் என்றார். ஆயிரம் டாலர் கேட்டார். வாங்கியும் விட்டார்!

1892 அக்டோபர் 21-ந் தேதி கண்காட்சி மண்டபத்தின் தொடக்க விழா. சுமார் ஒரு லட்சம் பேர் கூடினார்கள். ஒலிபெருக்கி இல்லாத காலம். ஒரு நடிகை மேடை ஏறிக் கவிதையின் பகுதிகளைப் படித்தார். 5,000 பேர் கொண்ட கோஷ்டி சில பகுதிகளை இசையோடு பாடியது. கவிதையில் சில வரிகள் ஹாரியட்டின் அக்காள் கணவர் ஜான் ரூட்டுக்காக எழுதப்பட்டவை. ரூட் சிகாகோவின் புகழ் பெற்ற கட்டிடக் கலைஞர். கண்காட்சிக்குத் திட்டம் போட்டவர்களில் ஒருவர். வேலை தொடங்கும் தறுவாயில், 1891 ஜனவரியில், நிமோனியாக் காய்ச்சலில் இறந்துபோனார். அவரைத் தெய்வமாக மதித்தவர் ஹாரியட். பிறகு அவருடைய வரலாற்றையும் தனிப் புத்தகமாக எழுதினார்.

விழாவுக்கு முன்பே ஒரு விபரீதம் நடந்தது. நியூயார்க்கில் 'வேர்ல்டு' என்ற தினசரி, கவிதையை எப்படியோ கைப்பற்றி, அனுமதி கேட்காமல் வெளியிட்டுவிட்டது. கவிதைதானே, யார் கேட்கப் போகிறார்கள் என்ற நினைப்பு!

ஹாரியட் கேட்டார். கோர்ட்டில் வழக்குப் போட்டார்.

எதிராளி சாதாரண ஆள் அல்ல. அந்தப் பத்திரிகையின் சொந்தக்காரர் ஜோசப் புலிட்சர். எழுத்தாளர்களும் நிருபர்களும் இன்று பெருமையாக மதிக்கிறார்களே புலிட்சர் பரிசு, அது அவர் பெயரில் உள்ளதுதான். அவரிடம் பணமும் உண்டு, வக்கீல் படையும் உண்டு. வழக்கு பல ஆண்டுகள் இழுத்தது. முடிவில் ஹாரியட் ஜெயித்தார். நஷ்ட ஈடு 5,000 டாலர்! எழுதியவர் சம்மதம் இல்லாமல் எழுத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு அமெரிக்காவில் எடுத்துக்காட்டாக நின்ற வழக்குகளில் இதுவும் ஒன்று.

விற்க அச்சடித்த பிரதி அடுப்பில் எரிந்தது. திருடி அச்சடித்த பிரதி 5,000 டாலர் கொடுத்தது. வேடிக்கைதான்.

விவேகானந்தரைக் கேட்டவர்

அதே கண்காட்சியை ஒட்டி, 1893 செப்டம்பரில், சிகாகோவில் சர்வமத மகாசபை கூடியது. சுவாமி விவேகானந்தர் பேசி உலகப் புகழ் பெற்ற சபை அது. சென்னையில் அளசிங்கப் பெருமாளும் நண்பர்களும் வீடு வீடாக ஏறி இறங்கிப் பணம் சேர்த்து சுவாமிகளை அனுப்பி வைத்த கதை நமக்குத் தெரியும்.

அந்தச் சபையில் உட்கார்ந்து கேட்டவர்களில் ஹாரியட் மன்றோவும் ஒருவர். எத்தனையோ நாட்டு மதத் தலைவர்கள் பேசினாலும், எல்லோரையும் மிஞ்சி ஊரைக் கவர்ந்தவர் விவேகானந்தரே என்று தம் சுயசரிதையில் அவர் எழுதி வைத்திருக்கிறார். கீழ்நாட்டுக் குரலுக்கு அவர் காது அன்றே திறந்துவிட்டது என்று சொல்லலாம்.

சும்மா கிடந்த ஆண்டுகள்

அதற்குப் பிறகு சுமார் 20 ஆண்டுகள் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. லட்சம் பேர் கேட்ட கவிதையை நாடு மறந்துவிட்டது. புதிய கவிதைகள் திரும்பி வந்தன. வயிற்றுப் பாட்டுக்குப் பத்திரிகைகளில் கட்டுரை எழுதினார். 'சிகாகோ டிரிபியூன்' பத்திரிகையில் ஓவிய விமர்சகர் வேலை பார்த்தார்.

அந்த வேலையில் ஒன்றைக் கவனித்தார். ஓவியர்களுக்கு ஆண்டுதோறும் பரிசு. சிற்பிகளுக்கு உபகாரச் சம்பளம். கோடீசுவரர்கள் போட்டி போட்டுப் படங்களை வாங்கி மாட்டுகிறார்கள். சங்கீதத்துக்குப் பெரிய மண்டபம். கவிஞனுக்கு மட்டும் ஒரு செப்புக் காசு இல்லை.

1910-ல் உலகப் பயணம் புறப்பட்டார். தங்கையின் கணவர் கால்ஹூன் அப்போது சீனாவில் அமெரிக்கத் தூதர். அவர்களைப் பார்க்கப் பீகிங் போகும் வழியில் லண்டனில் இறங்கினார். அங்கே ஒரு புத்தகக் கடையில் எஸ்ரா பவுண்டு என்ற இளைஞனின் கவிதைகளை வாங்கினார். சைபீரியப் பனிவெளியில் நாள் கணக்காக ஓடும் ரெயிலில் உட்கார்ந்து அதைப் படித்தார். புதிய குரல்! இப்படியும் எழுதுகிறார்களா என்று ஆச்சரியப்பட்டார்.

ஊர் திரும்பும்போது வயது 50. மற்றவர்கள் ஓய்வு எடுக்கும் வயது அது.

நூறு பேர் வேண்டும்!

கவிதைக்கு ஒரு பத்திரிகை தொடங்கினால் என்ன? கவிதை மட்டும் வர வேண்டும். இடத்தை நிரப்ப அல்ல, இடமே கவிதைக்குத்தான். வெளியாகும் ஒவ்வொரு கவிதைக்கும் பணம் கொடுக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு பரிசும் கொடுக்க வேண்டும்.

பணம்?

எழுத்தாளரும் செல்வருமான சாட்பீல்டு டெய்லர் என்ற நண்பர் ஒரு வழி சொன்னார். ஒரே செல்வரிடம் பெரிய தொகை கேட்காதே. நூறு பேரைப் பிடி. ஆளுக்கு ஆண்டுக்கு 50 டாலர். ஐந்து ஆண்டுகளுக்கு வாக்குறுதி வாங்கு. ஆண்டுக்கு 5,000 டாலர் ஆயிற்று. ஐந்து ஆண்டு ஓடிவிடும்.

கேட்க எளிதாக இருக்கிறது. நூறு பேரைத் தேடிப் போவது யார்?

ஹாரியட்தான் போனார். 1911-ம் ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும், சிகாகோவின் உயரமான கட்டிடங்களில் ஏறி இறங்கினார். வக்கீல்கள், வியாபாரிகள், ஆலை முதலாளிகள் எனப் பலரைப் போய்ப் பார்த்தார். பன்றி இறைச்சி வியாபாரத்துக்கும் ரெயில்வேக்கும் பேர் போன ஊர் அது. கணக்குப் பேரேட்டிலிருந்து தலை நிமிராத மனிதர்களிடம் போய்க் கவிதைக்குப் பணம் கேட்பது லேசான காரியமா? மெலிந்த உருவம், மூக்குக் கண்ணாடி. ஐம்பது வயதுப் பெண்மணி தனியாக வந்து நிற்கிறார். மறுத்தவர்கள் உண்டு. ஆனால் கொடுத்தவர்கள் நூறைத் தாண்டினார்கள். ஊரில் சித்திரசாலை இருக்கிறது, சங்கீத மண்டபம் இருக்கிறது, கவிதைக்கும் ஒன்று இருந்துவிட்டுப் போகட்டும் என்ற ஊர்ப் பெருமை அவர்களிடம் இருந்தது. அந்த நரம்பை ஹாரியட் சரியாகப் பிடித்தார்.

அடுத்து, கவிஞர்களைத் தேடும் வேலை. 1912 கோடைக்காலம் முழுவதும் சிகாகோ பொது நூல் நிலையத்தில் உட்கார்ந்தார். ஐந்து ஆண்டுகளாக அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் வந்த புதுக் கவிதைகளைத் தேடித் தேடிப் படித்தார். பிடித்தவர்களுக்கெல்லாம் கடிதம் போட்டார். உங்களுக்காக ஓர் இடம் திறக்கிறோம், நீளம் எவ்வளவானாலும் சரி, பாணி எதுவானாலும் சரி, நல்லதை அனுப்புங்கள், பணம் தருவோம் என்ற பொருளில் எழுதினார்.

லண்டனில் இருந்த எஸ்ரா பவுண்டுக்கும் கடிதம் போயிற்று. அவருக்கு அப்போது 26 வயது. உடனே பதில் வந்தது. கவிதையும் வந்தது. வெளிநாட்டு நிருபராக இருக்கவும் ஒப்புக்கொண்டார்.

பாஸ்டன் நகரில் இதேபோல் ஒரு கவிதைப் பத்திரிகை தயாராகிறது என்று செய்தி கிடைத்தது. ஹாரியட் முந்திக்கொண்டார். 1912 அக்டோபர் இதழ் செப்டம்பரிலேயே கடைக்கு வந்துவிட்டது. பெயர் 'போயட்ரி'. கவிதை என்று அர்த்தம். சுற்றி வளைக்காத பெயர்! அலுவலகம், கேஸ் தெருவில் 543-ம் எண்ணுள்ள ஒரு பழைய வீட்டில். ஆசிரியை ஹாரியட். துணை ஆசிரியை ஆலிஸ் கார்பின் ஹெண்டர்சன் என்ற கவிஞர். குவியும் கவிதைகளை முதலில் சலித்துக் கொடுப்பவர் ஆலிஸ்தான். கூர்மையான கண் அவருக்கு. நாலு ஆண்டு கழித்து அவருக்குக் காச நோய் வந்து, நல்ல காற்றுக்காக மேற்கே நியூமெக்சிகோவுக்குப் போக வேண்டியதாயிற்று.

பன்றி வெட்டும் ஊரில் கவிதைப் பத்திரிகையா என்று கிழக்குச் சீமைப் பத்திரிகைகளில் கேலி வந்தது.

ஆசிரியைக்குச் சம்பளம்? முதல் இரண்டு ஆண்டு ஒரு காசு கிடையாது. பகலில் 'டிரிபியூன்' வேலை பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டு இதை நடத்தினார். 1914-ல் இரண்டும் முடியாமல் அந்த வேலையை விட்டார். 'போயட்ரி'யிலிருந்து மாதம் 50 டாலர் எடுத்துக்கொண்டார். பத்து ஆண்டுக்கு மேல் அதே 50 டாலர்தான். 1925-ல்தான் நூறு ஆக்கினார். கவிஞனுக்குக் கொடு என்று ஊரெல்லாம் கேட்டவர், தனக்குக் கேட்டது இவ்வளவுதான்.

தாகூர் வந்தார்

1912-ல் தாகூர் லண்டனில் இருந்தார். வங்காளத்தில் எழுதிய பாடல்களைத் தாமே ஆங்கிலத்தில் பெயர்த்து வைத்திருந்தார். அதைப் படித்து ஐரிஷ் கவிஞர் யேட்ஸ் மெய்ம்மறந்தார். யேட்ஸ் மூலம் பவுண்டு பார்த்தார். பவுண்டு உடனே சிகாகோவுக்கு எழுதினார். டிசம்பர் இதழில் 'கீதாஞ்சலி'யிலிருந்து ஆறு பாடல்கள் வந்தன.

வேடிக்கை என்னவென்றால், அந்த இதழ் அச்சாகும் சமயத்தில் தாகூரே பக்கத்தில் இருந்தார்! அவர் மகன் ரதீந்திரநாத் விவசாயப் படிப்புப் படித்தது இலினாய் மாகாணத்துப் பல்கலைக் கழகத்தில். அதே மாகாணத்தில்தான் சிகாகோ. மகனுடன் அர்பானா என்ற சிறிய ஊரில் தங்கியிருந்தார் தாகூர். 1913 ஜனவரியில் அவர் சிகாகோவுக்கு வந்தார். ஹாரியட்டின் தோழி மூடி அம்மையார் வீட்டில் தங்கினார். இரவு நேரத்தில் கணப்பு அடுப்பைச் சுற்றி நண்பர்கள் உட்காருவார்கள். தாகூர் வங்காளத்தில் பாடுவார். ஹாரியட் கேட்டுக்கொண்டிருப்பார்.

அப்போது அமெரிக்காவில் தாகூர் யார் என்று கேட்டால் நூற்றில் ஒருவருக்குக்கூடத் தெரியாது. அதே ஆண்டு நவம்பரில் நோபல் பரிசு அறிவிப்பு வந்தது. ஓர் ஆசியருக்கு முதன் முதல் நோபல் பரிசு! மற்றப் பத்திரிகைகள் ஓடி ஓடித் தேடியபோது, மூன்று இதழே கண்ட சிறிய பத்திரிகை முன்பே வெளியிட்டுவிட்டது தெரிந்தது. கேலி பேசிய வாய்கள் கொஞ்சம் மூடின.

ரொட்டிக்குப் பாட்டு

1913 ஜனவரி இதழில் வேச்சல் லிண்ட்சே என்பவரின் கவிதை வந்தது. இரட்சணிய சேனையை ஏற்படுத்திய தளபதி பூத், அதற்கு முந்திய ஆண்டு இறந்திருந்தார். அவர் மோட்சம் போவதாகப் பாடிய கவிதை அது.

லிண்ட்சேயின் கதை நம் பழைய புலவர்களின் கதை மாதிரி. பாட்டை அச்சடித்து மூட்டையாகக் கட்டிக்கொண்டு ஊர் ஊராக நடப்பார். கதவைத் தட்டுவார். ஒரு பாட்டுக் கொடுத்து ரொட்டி வாங்கிச் சாப்பிடுவார். வண்டிச் செலவுக்குப் பணம் கிடையாது. நூற்றுக்கணக்கான மைல் கால்நடைதான். அவரை நாடறியச் செய்தது 'போயட்ரி'.

1914 மார்ச் மாதம் யேட்ஸ் சிகாகோவுக்கு வந்தபோது ஹாரியட் ஒரு விருந்து நடத்தினார். யேட்ஸ் பேச எழுந்து, தம் பேச்சை லிண்ட்சேயை நோக்கியே பேசினார். பிறகு லிண்ட்சே எழுந்து, மேளம் கொட்டுவதுபோல் குரலை ஏற்றி இறக்கித் தன் பாட்டைப் பாடினார். சபை பிரமித்தது. ரொட்டிக்குப் பாட்டுக் கொடுத்தவன் உலகக் கவிஞனோடு ஒரே மேஜையில்!

இந்தக் கதைக்கு ஒரு துயரமான முடிவும் உண்டு. பதினேழு ஆண்டுக்குப் பிறகு, 1931 டிசம்பரில், கடனாலும் மன வேதனையாலும் நொந்துபோன லிண்ட்சே தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். ஒரு பத்திரிகை ஒரு கவிஞனை எவ்வளவு தூரம்தான் தாங்க முடியும்? ஹாரியட்டை மிகவும் வாட்டிய கேள்வி அது.

கார்ல் சாண்ட்பர்க் வேறு ரகம். சுவீடனிலிருந்து பிழைக்க வந்த ரெயில்வேக் கொல்லர் ஒருவரின் மகன். பால் வண்டி ஓட்டினார், செங்கல் சூளையில் வேலை பார்த்தார், பட்டாளத்தில் சேர்ந்தார், நிருபர் ஆனார். சிகாகோவின் புகையையும் வியர்வையையும் இறைச்சிக் கூடங்களையும் அப்படியே கவிதையாக எழுதினார். எதுகையும் கிடையாது, அளவும் கிடையாது. 1914 மார்ச் இதழில் ஹாரியட் அதை முதல் பக்கத்தில் போட்டார். இதெல்லாம் கவிதையா என்று பண்டிதர்கள் கொதித்தார்கள். இலக்கணம் தெரியாதவர்கள் ஊரைக் கெடுக்கிறார்கள் என்ற கூச்சல். வசன கவிதை வந்தபோது நம் ஊரில் எழுந்த சண்டையை நினைத்துக்கொண்டால் போதும், அதே சண்டைதான். ஹாரியட் அசையவில்லை. அந்த ஆண்டுப் பரிசு 200 டாலரையும் சாண்ட்பர்க்குக்கே கொடுத்தார். பிற்காலத்தில் சாண்ட்பர்க் ஆபிரகாம் லிங்கனின் வரலாற்றை எழுதிப் பெரும் புகழ் பெற்றார்.

இதற்காக, பழைய பாணியை ஹாரியட் விரட்டினார் என்று நினைக்க வேண்டாம். ஜாய்ஸ் கில்மர் எழுதிய 'மரங்கள்' என்ற 12 வரிப் பாட்டு 1913 ஆகஸ்டில் இதே பத்திரிகையில்தான் வந்தது. எதுகை, சந்தம் எல்லாம் பழைய முறை. அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்த பாட்டு அது. கில்மர் ஐந்து ஆண்டு கழித்துப் பிரான்சுப் போர்க்களத்தில் குண்டடிபட்டு இறந்தார்.

எந்தக் கூட்டத்துக்கும் கதவைச் சாத்துவதில்லை என்பதே அவர் வைத்துக்கொண்ட விதி. அதனால் மட்டமான கவிதைகளும் நிறைய உள்ளே வந்தன. இதை மறைப்பதற்கில்லை.

பவுண்டுடன் சண்டை

எஸ்ரா பவுண்டு மகா கெட்டிக்காரர். யாரிடம் சரக்கு இருக்கிறது என்று மோப்பம் பிடிப்பதில் அவரை வெல்ல ஆள் கிடையாது. ஆனால் பொறுமை என்பது அறவே இல்லாதவர். லண்டனிலிருந்து அவர் எழுதும் கடிதங்கள் பாதி யோசனை, பாதி வசை.

பத்திரிகையின்மேல் ஹாரியட் ஒரு வாசகம் அச்சிட்டு வந்தார். மகா கவிகள் தோன்ற வேண்டுமானால் அவர்களுக்கு ஏற்ற ரசிகர்களும் வேண்டும் என்ற கருத்தில் வால்ட் விட்மன் எழுதியது. பவுண்டுக்கு இதைக் கண்டாலே எரிச்சல். ஜனங்கள் எதற்கு, கலைஞனுக்கு ரசிகன் தேவையே இல்லை என்று வாதாடினார். ஹாரியட் ஒப்பவில்லை. வாசகத்தையும் எடுக்கவில்லை. நூறு பேரிடம் படியேறிப் பணம் வாங்கியவருக்கு ஜனங்களின் அருமை தெரியாதா?

பரிசு விஷயத்திலும் ஒரு தகராறு. 1913-ல் 250 டாலர் பரிசு யேட்ஸுக்குக் கொடுக்கப்பட்டது. யேட்ஸ் 50 டாலரை மட்டும் வைத்துக்கொண்டு, 200 டாலரைத் திருப்பி அனுப்பினார். இதை இளைஞன் பவுண்டுக்குக் கொடுங்கள் என்றார். அப்படியே கொடுத்தார்கள். பவுண்டு அதில் ஒரு தட்டெழுத்துப் பொறி வாங்கினார்.

மிகப் பெரிய சண்டை 1914 அக்டோபரில் வந்தது. டி. எஸ். எலியட் என்ற ஊர் பேர் தெரியாத இளைஞனின் நீண்ட கவிதை ஒன்றைப் பவுண்டு அனுப்பினார். தன்மேலேயே நம்பிக்கை இல்லாமல் தயங்கித் தயங்கி நிற்கும் ஒரு நடுவயது மனிதனின் மன ஓட்டம் அது. ஹாரியட்டுக்குப் பிடிபடவில்லை. முடிவு சோர்ந்து கிடக்கிறது, மாற்றி எழுதச் சொல்லுங்கள் என்றார். ஓர் எழுத்தையும் மாற்ற முடியாது என்று பவுண்டு எகிறினார். கடிதம் போயிற்று, வந்தது. எட்டு மாதம் கழிந்தது. கடைசியில் 1915 ஜூன் இதழில், பின்பக்கத்தில், அந்தக் கவிதை வெளியாயிற்று.

அந்த ஆண்டுப் பரிசு எலியட்டுக்கு இல்லை. லிண்ட்சேக்குக் கொடுத்தார்கள். 33 ஆண்டு கழித்து, 1948-ல், எலியட்டுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பின்பக்கத்தில் வந்த அந்தக் கவிதையிலிருந்துதான் 20-ம் நூற்றாண்டின் ஆங்கிலக் கவிதை தொடங்குகிறது என்று சொல்லுகிறவர்கள் இன்று ஏராளம்.

இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த வாலஸ் ஸ்டீவன்ஸ் விஷயத்திலும் ஹாரியட் கத்தரிக்கோலை எடுத்தார். அவருடைய எட்டுப் பகுதிக் கவிதையில் ஐந்து பகுதியைத்தான் போட்டார். வரிசையையும் மாற்றச் செய்தார். ஸ்டீவன்ஸ் பொறுமைசாலி, சம்மதித்தார். தம் புத்தகத்தில் எட்டையும் போட்டுக்கொண்டார். புத்தகம்தான் சரி, பத்திரிகை செய்தது தவறு என்பதில் இன்று இரண்டு கருத்து இல்லை.

ஆசிரியை என்ற முறையில் ஹாரியட்டுக்கு இப்படிச் சறுக்கல்கள் உண்டு. புரியாததைக் கண்டு தயங்குவார். முடிவு தெளிவாக இருக்க வேண்டும், உள்ளத்தைத் தூக்கி நிறுத்த வேண்டும் என்று எதிர்பார்ப்பார். ஆனால் தயங்கினாலும் கடைசியில் அச்சேற்றினார். அதுவும் காசு கொடுத்து. அன்று எலியட்டுக்கு அந்தக் கதவையும் திறந்தவர்கள் வேறு யார்?

மாதந்தோறும் அவர் எழுதிய விமர்சனங்கள் தனிப் புத்தகமாக வந்தன. 1917-ல் ஆலிஸுடன் சேர்ந்து புதுக் கவிஞர்களின் தொகுதி ஒன்றை வெளியிட்டார். அவருடைய சொந்தக் கவிதைகளும் புத்தகமாயின. ஆனால் நாளாக நாளாக அவற்றைப் படிப்பவர் குறைந்தார்கள். சிறு வயதில் எந்தப் புகழுக்காக ஏங்கினாரோ அந்தப் புகழ், தான் எழுதிய பாட்டால் அல்ல, பிறர் பாட்டை வெளியிட்டதால் வந்தது. அது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

முதலில் ஐந்து ஆண்டுக்கென்று தொடங்கிய பத்திரிகை முதல் உலகப் போரைத் தாண்டியது. 1929-ல் அமெரிக்காவில் பாங்குகளும் வியாபாரமும் விழுந்தபோது, நன்கொடை கொடுத்த செல்வர்களே ஆடிப்போனார்கள். பத்திரிகையும் தள்ளாடியது. நிற்கவில்லை.

மலைமேல் முடிவு

ஹாரியட்டுக்கு மலை என்றால் உயிர். கலிபோர்னியாவின் சியரா மலைகளில் மலையேறும் சங்கத்தாரோடு கூடாரம் அடித்துத் திரிந்தவர். வயது ஏறினாலும் ஆசை குறையவில்லை.

1936 செப்டம்பரில், தென் அமெரிக்காவில் பியூனஸ் அயர்ஸ் நகரில் உலக எழுத்தாளர் மகாநாடு கூடியது. 75 வயது ஹாரியட் கப்பல் ஏறினார். மகாநாடு முடிந்ததும் நேரே ஊர் திரும்பியிருக்கலாம். பெரு நாட்டில் மலை உச்சியில் இன்கா மன்னர்கள் கட்டிய பழைய நகரத்தின் இடிபாடுகளைப் பார்க்காமல் போவதா என்று நினைத்தார்.

போகும் வழியில் அரக்கிப்பா என்ற மலை நகரில் தங்கினார். கடல் மட்டத்துக்கு மேலே 7,000 அடிக்கு மேற்பட்ட உயரம். மூளையில் ரத்தக் குழாய் வெடித்தது. செப்டம்பர் 26-ந் தேதி அங்கேயே காலமானார். அந்த ஊரிலேயே அடக்கம் செய்தார்கள். எழுதிக்கொண்டிருந்த சுயசரிதை இரண்டு ஆண்டு கழித்து வெளிவந்தது. அவர் சேர்த்த கவிதைப் புத்தகங்களும் கவிஞர்களின் கடிதங்களும் சிகாகோ பல்கலைக் கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. பவுண்டின் வசைக் கடிதங்களும் அவற்றில் அடக்கம்.

ஆசிரியை போனதும் பத்திரிகை நின்றுவிடும் என்றுதான் பலரும் எண்ணினார்கள். அடுத்தடுத்து வந்த ஆசிரியர்கள் நடத்தினார்கள். பல தடவை கையில் காசில்லாமல் தவித்தது. ஒவ்வொரு தடவையும் யாராவது கை கொடுத்தார்கள்.

2002-ம் ஆண்டு நவம்பரில் ஒரு செய்தி வந்தது. மருந்துக் கம்பெனிக் குடும்பத்தைச் சேர்ந்த ரூத் லில்லி என்ற மூதாட்டி, 'போயட்ரி'க்கு சுமார் பத்துக் கோடி டாலர் எழுதி வைத்திருக்கிறார் என்று! அந்த அம்மாள் ஒரு காலத்தில் தாம் எழுதிய கவிதைகளை அந்தப் பத்திரிகைக்கு அனுப்பி வந்தார். ஒன்றுகூட வெளியாகவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும், வருத்தத்துடன் திருப்பி அனுப்புகிறோம் என்று ஆசிரியர் மரியாதையாகக் கைப்பட எழுதிய சீட்டு ஒன்று கூட வந்ததாம்.